அண்ணனுக்குக் கேட்ட மருந்து எனக்குக் கேட்கவில்லை

வைகைக்கரை:
எனக்குக் குரோன்ஸ் என்கிற குடல் அழற்சி நோய் என்று தெரிவதற்கு முன் குடல் காசநோய் என்று சொல்லி ஒன்பது மாதம் மாத்திரை கொடுத்தார்கள். நம் ஊரில் இந்தக் குழப்பம் சகஜம். இரண்டுமே சிறுகுடல் முடிகிற இடத்தைத்தான் பிடிக்கும். திசுவை எடுத்துப் பார்த்தாலும் இரண்டிலும் நோயெதிர்ப்பு செல்கள் முடிச்சு முடிச்சாகத் திரண்டிருக்கலாம்.

அப்புறம் குரோன்ஸுக்கு இன்ஃப்ளிக்சிமாப் என்கிற மருந்தை ஆரம்பித்தார்கள். அதற்கு முன் மறுபடியும் காசநோய்ப் பரிசோதனை. "ஒன்பது மாதம் மாத்திரை தின்றவனுக்கு இது எதற்கு?" என்று எரிச்சலாகக் கேட்டேன். காசக் கிருமியைச் சுற்றி செல்கள் போட்ட வேலியைத் தாங்குவதே டிஎன்எஃப் என்கிற புரதம்தான், இந்த மருந்து அதைத்தான் அடக்குகிறது, உள்ளே கிருமி தூங்கிக்கொண்டிருந்தால் எழுந்துவிடும் என்றார் டாக்டர்.

டிரிப்ஸ் ஏறும்போது பக்கத்துக் கட்டிலில் ஒரு அண்ணன் இருப்பார். அவருக்கும் குரோன்ஸ், அதே மருந்து. மூன்றாவது டோஸுக்கு வந்தபோது பிரியாணி பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். நான் அன்றைக்கும் எட்டு முறை கழிப்பறைக்குப் போய்விட்டு வந்திருந்தேன். வீட்டில் அம்மா, "வெளியே எதையோ தின்னிருப்பே" என்றார். ஐந்து மாதம் மோர்சாதம் தவிர வேறு எதையும் தொடவில்லை ஐயா! ஒரே நோய், ஒரே மருந்து. இது எப்படி?

கண்ணாடித்தகடு:
நான் ஆய்வகத்தில் செல்களை வகை பிரித்து எண்ணுகிற வேலை பார்க்கிறேன். கொலோனோஸ்கோப்பியில் எடுத்து அனுப்பும் துணுக்கு ஒரு அரிசி மணி அளவுகூட இருக்காது. அதற்குள் டி செல், பி செல், பிளாஸ்மா செல், மேக்ரோஃபேஜ் என்று நோயெதிர்ப்பு செல்களின் ஒரு ஊரே இருக்கும். முதல் நாள் பார்த்தபோது எதை எண்ணுவது என்றே தெரியவில்லை.

உங்கள் கேள்வியைத் தொடுகிற ஆய்வு ஒன்று 2019-இல் நியூயார்க் மவுண்ட் சினாயிலிருந்து வந்தது. 1932-இல் குரோனும் இரண்டு சகாக்களும் இந்த நோயை விவரித்த அதே மருத்துவமனை. குரோன்ஸ் நோயாளிகளின் சிறுகுடல் திசுவை ஒவ்வொரு செல்லாகப் பிரித்துப் படித்தார்கள். சிலரிடம் மட்டும் பிளாஸ்மா செல்கள், அழற்சி மேக்ரோஃபேஜ்கள், தூண்டப்பட்ட டி செல்கள், திசுவைத் தாங்கும் செல்கள் எல்லாம் கூட்டணி சேர்ந்து நின்றன. அந்தக் கூட்டணி வலுவாக இருந்தவர்களுக்கு டிஎன்எஃப்பை அடக்கும் மருந்து பெரும்பாலும் சரியாகக் கேட்கவில்லை. உங்களுக்கும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன், உங்கள் திசுவை நான் பார்க்கவில்லை. மோர்சாதத்தின் மேல் பழி இல்லை என்று மட்டும் அம்மாவிடம் சொல்லுங்கள்.

கொள்ளிடம்:
என் கணவருக்குப் பெருங்குடல் புண் நோயோடு சோரியாசிஸும் உண்டு. தோலுக்குப் பார்த்தவர் ஐஎல்-17 என்கிற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் ஊசி எழுதினார். குடல் டாக்டர் சீட்டைப் பார்த்ததும் வேண்டாம் என்று அடித்துவிட்டார். தோலில் தொல்லை கொடுக்கும் அதே ஐஎல்-17 குடலில் சுவரைக் காக்கிற வேலையும் செய்கிறதாம். அந்த வகை ஊசியைக் குரோன்ஸுக்கே கொடுத்துப் பார்த்த சோதனை 2012-இல் வெளியானது. பலனும் இல்லை, தொந்தரவுதான் கூடியது என்றார். நல்லவேளை, அன்று பழைய சீட்டையும் பையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன்.

வைகைக்கரை:
நன்றி அக்கா. கண்ணாடித்தகடு அவர்களுக்கும். எனக்கு இப்போது வெடோலிசுமாப். லிம்போசைட்டுகள் என்கிற வெள்ளை அணுக்கள் குடலுக்குள் நுழையாமல் வாசலிலேயே நிறுத்துகிற மருந்து. மெதுவாகத்தான் வேலை செய்யும் என்று முன்பே சொல்லிவிட்டார்கள், முதல் இரண்டு மாதம் ஒன்றுமே தெரியவில்லை. போன வாரம் மோஷனில் கால்புரோடெக்டின் பார்த்தார்கள், குடலில் அழற்சி எவ்வளவு என்று காட்டுகிற அளவு. 1,400 இருந்தது 210 ஆகியிருக்கிறது. அது நியூட்ரோஃபில் என்கிற வெள்ளை அணுக்களிலிருந்து வருகிற புரதமாமே? அம்மாவுக்கு அதெல்லாம் வேண்டாம். இரவில் நான் எழுந்து போகிற சத்தம் கேட்கவில்லை என்கிறார்.