மறு: கருப்பை மைக்ரோபயோம் – தமிழில் என்ன? (அவசரம்)

நுனிப்புல் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். கருத்தரிப்பு சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். கருமுட்டை, கருப்பதிதல், கருப்பை அகப்படலம் வரை தடையில்லாமல் வந்துவிட்டேன். ‘கருப்பை மைக்ரோபயோம் பரிசோதனை’ என்ற பக்கத்தில் வண்டி நின்றுவிட்டது. மைக்ரோபயோட்டா என்றும் தனியே வருகிறது. இருக்கிற நுண்ணுயிர்கள் மட்டும் என்றால் பயோட்டா. அவற்றின் மரபணுக்கள், சுற்றியுள்ள சூழல், அங்கே அவை செய்யும் வேலை எல்லாம் சேர்ந்தால் பயோம். ஆக இரண்டு சொல் தேவை. ‘நுண்ணுயிர்த்தொகை’ என்று போட்டுப் பார்த்தேன். மக்கள்தொகை போல எண்ணிக்கையைச் சொல்வதாகப் படுகிறது. படிக்கப்போகிறவர் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு முடிவுக்குக் காத்திருக்கும் பெண். அதை மனத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

சொல்லேர் எழுதியது:

அம்மா, இதற்கு ஏன் இத்தனை தவிப்பு? சொல் நம்மிடம் ஈராயிரம் ஆண்டாக இருக்கிறது: திணை. நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்கே வாழும் விலங்கு, புள், மரம், மாந்தர் கருப்பொருள். அவற்றுக்குரிய ஒழுக்கம் உரிப்பொருள். நீங்கள் பயோமுக்குச் சொன்ன இலக்கணம் அப்படியே இதுதானே? இடம், உயிர், செயல் மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கிய மொழி வேறு எது? நுண்மை + திணை = நுண்டிணை. ‘னலமுன் றனவும் ணளமுன் டணவும் ஆகும் தநக்கள்’ என்ற நன்னூல் விதி அறிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். பயோட்டாவுக்கு ‘நுண்கரு’ போதும், கருப்பொருளின் சுருக்கமாக.

வெள்ளங்கி எழுதியது:

ஐயா, கருத்தரிப்பு மருத்துவமனைக் கையேட்டில் ‘நுண்கரு’ என்று எழுதினால், கரு வளராமல் சிறுத்துவிட்டது என்று நினைத்து அந்தப் பெண் அழுதுகொண்டே எங்கள் அறைக்கு வருவார். தயவுசெய்து வேண்டாம்.

முற்றம் எழுதியது:

இலங்கைப் பாடநூல்களில் நுண்ணங்கி என்றுதான் படித்தோம். நுண்ணங்கிக் குடித்தொகை என்பதும் வழக்கில் உள்ளது. அதைச் சுருக்கி ‘நுண்குடி’ என்றால் என்ன? குடி என்பதில் குடும்பமும் வருகிறது, குடியிருப்பும் வருகிறது.

நுனிப்புல் எழுதியது:

நுண்ணங்கி என்றால் இங்கே பலர் மெல்லிய சட்டை என்று நினைப்பார்கள். குடி என்றால் என்ன நினைப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பழைய ஏடு எழுதியது:

எல்லாரும் ‘கிருமி’யை ஏன் ஒதுக்குகிறீர்கள்? போற்றித் திருவகவலில் மணிவாசகர், ‘மானுடப் பிறப்பினுள் மாதா உதரத்து ஈனமில் கிருமிச் செருவினிற் பிழைத்தும்’ என்கிறார். மாதா உதரம், அதாவது தாய் வயிறு. அதற்குள் கிருமி. அதோடு செரு, போர். கருப்பைக்குள் கிருமி உண்டு, கரு அவற்றிடையே தப்பிப் பிழைக்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொன்னார்? ‘ஈனமில்’ என்பதற்குக் குறைவில்லாத, எண்ணிறந்த என்று பொருள் கொள்ளலாம். ‘இழிவில்லாத கிருமி’ என்றே கொண்டால் இன்னும் சிறப்பு. நல்ல பாக்டீரியா என்கிறார்களே, அதேதான். இன்னொன்றும் சொல்கிறேன். மொய் என்ற சொல்லுக்குத் திரள் என்றும் பொருள், வண்டு என்றும் பொருள், போர் என்றும் பொருள். மொய்த்திருப்பது மொய். கிருமிச் செருவோடு இது பொருந்துவதைப் பாருங்கள். ஆகவே ‘நுண்மொய்’.

சொல்லேர் எழுதியது:

கிருமி வடசொல். மொய் என்றால் கல்யாண வீட்டு நோட்டுப்புத்தகம். இரண்டும் ஆகாது.

பழைய ஏடு எழுதியது:

‘வடசொற் கிளவி வடவெழுத் தொரீஇ’ என்று தொல்காப்பியரே இடம் கொடுத்துவிட்டார். உங்களுக்கு மட்டும் இடமில்லை. அது போகட்டும், ‘புல்லும் மரனும் ஓரறிவினவே’ என்ற கணக்கில் பாக்டீரியாவுக்கு எத்தனை அறிவு? சில பாக்டீரியா உணவு இருக்கும் திக்கை உணர்ந்து நீந்திப் போகின்றனவாம். ஓரறிவுக்கு அது கொஞ்சம் அதிகமாகத் தெரியவில்லையா?

வெள்ளங்கி எழுதியது:

இந்தப் பரிசோதனையில் முக்கியமாகப் பார்க்கும் லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியா பெரும்பாலும் நகர்வதே இல்லை. அறிவுக் கணக்கைப் பிறகு பார்ப்போம்.

கிருமி பற்றி ஒரு வார்த்தை. யோனியில் இந்தக் கோல்வடிவ நுண்ணுயிர் இயல்பாகவே இருக்கிறது என்று டோடர்லைன் என்ற ஜெர்மன் மருத்துவர் 1892-இலேயே எழுதினார். அது லாக்டிக் அமிலம் சுரந்து அந்த இடத்தைப் புளிப்பாக வைத்துக்கொள்கிறது. நோய் தரும் பல நுண்ணுயிர்கள் அங்கே தலையெடுக்க முடிவதில்லை. ஆனால் ‘உங்களுக்குக் கிருமி இருக்கிறது’ என்று ஒரு பெண்ணிடம் சொல்லிப் பாருங்கள். அடுத்த கேள்வி ‘யாரிடமிருந்து வந்தது?’ என்பதாக இருக்கும். அதற்கு அடுத்தது வீட்டில் சண்டை.

இனி எனக்கு நிஜமாகவே முக்கியமானது. 1900-இல் திசியே என்ற பிரெஞ்சு மருத்துவர், குழந்தை கருப்பைக்குள் நுண்ணுயிரே இல்லாத இடத்தில் வளர்கிறது என்றார். நூறாண்டுக்கு மேல் பாடம் அதுதான். பிறகு, பாக்டீரியாவை இனங்காட்டும் 16எஸ் என்ற மரபணுவின் வரிசையைப் படிக்கும் முறை வந்தது; வளர்தட்டில் வளராதவையும் கண்ணில் பட்டன. 2016-இல் ஸ்பெயின் நாட்டுக் குழுவினர் 35 பெண்களிடம் செய்த ஆய்வுதான் இந்தப் பரிசோதனைகளுக்கெல்லாம் முகவரி கொடுத்தது. கருப்பைத் திரவத்தில் லாக்டோபேசில்லஸ் 90 விழுக்காட்டுக்கு மேல் இருந்தவர்களில் குழந்தை பிறந்தது 58.8 விழுக்காடு, மற்றவர்களில் 6.7 விழுக்காடு. தலை சுற்றும் வித்தியாசம். ஆனால் 35 பேர்தான்.

அடுத்து மாதிரி எடுக்கும் விதம். மெல்லிய குழாய் யோனி வழியாக, கருப்பை வாய் வழியாகத்தான் உள்ளே போகிறது. போகும் பாதையில் நுண்ணுயிர்கள் ஏராளம். போய்ச் சேரும் இடத்தில் மிகக் கொஞ்சம். நுனியில் ஒட்டிக்கொண்டது எது, உள்ளே இருந்தது எது என்று பிரிப்பது பெரும்பாடு. ஆய்வகத்தில் ஊற்றும் வினைபொருள்களிலேயே பாக்டீரியா டி.என்.ஏ. எச்சம் இருக்கும். நஞ்சுக்கொடிக்குத் தனி மைக்ரோபயோம் உண்டு என்று 2014-இல் சொன்னார்கள். 2019-இல் வந்த பெரிய ஆய்வு, பார்த்ததில் பெரும்பகுதி இப்படி வெளியிலிருந்து ஒட்டியதுதான் என்று காட்டிவிட்டது. கருப்பையில் இருப்பவை அங்கேயே குடியிருக்கின்றனவா, கீழிருந்து வந்துபோகின்றனவா என்பது இன்னும் முடிவாகவில்லை. அதனால்தான் குடி வேண்டாம், திணை வேண்டாம் என்கிறேன். திணை என்றதும் அந்த மண்ணுக்கே உரியது என்றாகிவிடுகிறது. ஆய்வாளர்கள் இன்னும் போடாத கையெழுத்தைச் சொல்லாக்குகிறவர்கள் போடக் கூடாது.

பழைய ஏடு எழுதியது:

நஞ்சுக்கொடி என்றீர்களே! நஞ்சு என்ற சொல்லை முன்னால் வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். யாரும் பயப்படவில்லை. கிருமிக்கு மட்டும் பயப்படுவார்களா?

வெள்ளங்கி எழுதியது:

நஞ்சுக்கொடியைக் கொல்லும் சோப்பு என்று தொலைக்காட்சியில் விளம்பரம் வருவதில்லை.

முற்றம் எழுதியது:

மருத்துவர் சொல்வதில் பாதிதான் எனக்கு உடன்பாடு. மைக்ரோபயோம் என்ற மூலச்சொல்லும் உறுதிமொழி கொடுக்கத்தானே செய்கிறது? 1988-இல் அதை விளக்கியவர்களே சமூகம், அதன் செயற்களம் என்று இரண்டையும் சேர்த்துத்தான் சொன்னார்கள். 2001-இல் லெடர்பெர்க் என்ற உயிரியலாளர் அதைப் பரப்பியபோது மனித உடலைப் பகிர்ந்துகொள்ளும் உயிர்ச்சூழல் என்றார். அவர்கள் துணிந்து சொன்னதைத் தமிழ் மட்டும் ஏன் பயந்து பயந்து சொல்ல வேண்டும்? இருந்தாலும் குடியை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ‘நுண்ணுயிர்த் தொகுதி’ ஏற்கெனவே பல இடங்களில் ஆள்கிறார்கள். அதற்கே என் வாக்கு.

சொல்லேர் எழுதியது:

தொகுதி! வேட்பாளர் யார்? வைப்புத்தொகை உண்டா?

நுனிப்புல் எழுதியது:

வியாழன் இரவு ஆகிவிட்டது. தொகுதிக்கு நான்கு பேர், நுண்டிணைக்கு ஒருவர், நுண்மொய்க்கு ஒருவர், ‘மைக்ரோபயோம் என்றே விட்டுவிடுங்கள்’ என்று தனிமடலில் இருவர். நான் செய்திருப்பது இது. தலைப்பில் ‘கருப்பை நுண்ணுயிர்த் தொகுதிப் பரிசோதனை (மைக்ரோபயோம் பரிசோதனை)’. உள்ளே பயோட்டா வரும் இடமெல்லாம் வெறும் ‘நுண்ணுயிர்கள்’. ‘கருப்பையில் வாழும்’ என்று இருந்த இடங்களை ‘கருப்பையிலிருந்து எடுத்த மாதிரியில் காணப்படும்’ என்று மாற்றிவிட்டேன். வாக்கியம் நீண்டுவிட்டது, ஆனால் மருத்துவர் சொன்ன சந்தேகம் அதில் நிற்கிறது. கிருமி ஓரிடத்தில்தான், தொற்று உள்ள அகப்படல அழற்சியைப் பற்றிய பத்தியில். அங்கே அந்தச் சொல்தான் சரி. எல்லாருக்கும் நன்றி. ‘டிஸ்பயோசிஸ்’ என்று ஒன்று இருக்கிறது. அதை இப்போது கேட்கப்போவதில்லை. ‘சமநிலைக் குலைவு’ என்று போட்டுவிட்டேன்.

பழைய ஏடு எழுதியது:

குலைவு என்றால் குலையும் நினைவுக்கு வருகிறது, வாழைக்குலை. குலை என்பது கொத்து, திரள். அப்படியானால் நோய்நிலைக்கும் திரளுக்கும் ஒரே வேர் என்றாகிறதே? இதைத் தனி இழையில் எழுதுகிறேன்.

சொல்லேர் எழுதியது:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், கருத்துக்கு அல்ல. கையேடு போகட்டும். குழுவின் சொற்பட்டியலில் நுண்டிணையைத் தனி வரியில் சேர்த்துவிட்டேன். படிக்கச் சிரமம் என்கிறவர்களுக்காக ‘நுண்திணை’ என்று பிரித்தெழுதவும் சம்மதம். அதற்குமேல் இறங்கமாட்டேன்.