ஒட்டி நின்று பேசும் குழந்தையைத் தள்ளி நிற்கச் சொல்லலாமா?

இரண்டாம் வகுப்பு ஆசிரியை:
என் வகுப்புப் பிள்ளைகள் எதைச் சொல்வதானாலும் மேசையைச் சுற்றி வந்து, புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, முகத்தோடு முகம் வைத்துத்தான் சொல்கிறார்கள். பெரியவர்களிடம் ஒரு கை தூரம் விட்டுப் பேச வேண்டும் என்பதை ஏழு வயதிலேயே பழக்கிவிட வேண்டும் என்பது என் கருத்து.

பேத்தி எடுத்தவர்:
எனக்கு உடன்பாடில்லை. அப்பாவிடம் ஒன்று கேட்க வேண்டுமென்றால் தூணுக்கு அப்பால் கைகட்டி நின்று கேட்ட தலைமுறை எங்களுடையது. அந்த இடைவெளியில் மரியாதையைக் காட்டிலும் அச்சமே மிகுந்திருந்தது. நாற்பது பிள்ளைகள் இரைகிற வகுப்பில், தன் குரல் உங்கள் காதில் விழ வேண்டுமென்றால் குழந்தை நெருங்காமல் என்ன செய்யும்?

உளவியல் மாணவர்:
நெருக்கமானவர்களுக்கு 45 செ.மீ. வரை, அறிமுகமானவர்களுக்கு ஏறத்தாழ 1.2 மீட்டர் வரை என்று அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் 1966இல் வகுத்த அளவுகள், அந்நாட்டுப் பெரியவர்களைக் கவனித்து எழுதப்பட்டவை; அவற்றைக் கொண்டு நம் குழந்தைகளை அளப்பது பொருந்தாது. இங்கே இன்னும் பொருத்தமானது, ஃப்ரை, வில்லிஸ் ஆகியோர் 1971இல் வெளியிட்ட ஆய்வு. திரையரங்க வரிசையில் நின்ற பெரியவர்களை ஒட்டிக் குழந்தைகளை நிற்கவைத்துப் பார்த்தார்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு வரவேற்பு கிடைத்தது, எட்டு வயதுக் குழந்தையைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை, பத்து வயதுக் குழந்தையிடமோ பெரியவர்கள் முகம் சுளித்து விலகினார்கள். ஆகவே, எவரும் வாய்திறந்து சொல்லாமலே இந்தப் பாடம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இரண்டாம் வகுப்பு ஆசிரியை:
நீங்கள் சொன்னது என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது. நேற்றுவரை சிரித்தவர் இன்று ஏன் விலகுகிறார் என்று புரியாமல் பத்து வயதில் கூசி நிற்பதைவிட, ஏழு வயதில் ஒருவர் கனிவாகச் சொல்லிவிடுவது மேலல்லவா?

பேத்தி எடுத்தவர்:
சொல்லுங்கள், ஆனால் இரு பக்கமும் சொல்லுங்கள். கேட்காமலே கன்னத்தைக் கிள்ளுவதும், கூச்சப்பட்டு அம்மாவின் பின்னால் ஒளியும் பிள்ளையை இழுத்து முன்னே நிறுத்தி “மாமாவிடம் பேசு” என்பதும் பெரியவர்கள்தாமே? (நானும் கிள்ளியிருக்கிறேன், மறுக்கவில்லை.) விலகி நிற்க விரும்பும் குழந்தையின் கை தூரத்தை நாம் மதிக்காதபோது, நம் கை தூரத்தை மட்டும் அது எப்படி மதிக்கும்?

இரண்டாம் வகுப்பு ஆசிரியை:
கிள்ளுவதைப் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. இருந்தாலும், தலைப்பைப் பிடித்து இழுப்பவர்களிடம் நாளை முதல் “அங்கிருந்தே சொல் கண்ணா, எனக்குக் கேட்கிறது” என்றுதான் சொல்லப்போகிறேன். அதற்கு முதலில் வகுப்பின் இரைச்சலைக் குறைத்தாக வேண்டும்.