அத்ரியஸ் வம்சத்தின் சாபம்: கதையை எங்கே தொடங்கலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் அத்ரியஸ் வம்சமான மைசீனி அரச குடும்பத்தின் கதையைச் சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறேன். தொடக்கம்தான் பிடிபடவில்லை. கிரேக்கப் புராணத்தில் ஊறியவர்கள் வழி சொல்லுங்கள்.

வழக்கமாகத் தாந்தலஸிடம் தொடங்குவார்கள். பெற்ற மகன் பெலோப்ஸை வெட்டிச் சமைத்துத் தேவர்களுக்கு விருந்து வைத்தவன். மகளைப் பறிகொடுத்த துயரத்தில் டிமீட்டர் தேவி மட்டும் கவனிக்காமல் தோளைத் தின்றுவிட, உயிர்பெற்ற பெலோப்ஸுக்குத் தந்தத்தில் தோள் செய்து பொருத்தினார்கள். சரி, ஆனால் அங்கே தண்டனை தாந்தலஸுக்குத்தானே?

எனக்கு மிர்திலஸிடம் தொடங்க ஆசை. தேர்ப்பந்தயத்தில் பெலோப்ஸ் ஜெயிப்பதற்காக, எதிர்த்து ஓட்டிய தன் அரசனுடைய தேரின் கடையாணியை எடுத்துவிட்டு மெழுகில் செய்ததை வைத்த தேரோட்டி அவன். உதவியவனையே பெலோப்ஸ் கடலில் தள்ளினான். விழும்போது அவன் இட்ட சாபம் பெலோப்ஸின் மகன்கள் அத்ரியஸ், தயஸ்டீஸ், அத்ரியஸின் மகன் அகமெம்னான் என்று பேரன்கள் வரை துரத்துகிறது. துரோகத்திலிருந்து முளைத்த சாபம் என்பதால் இதுவே பொருத்தமாகப் படுகிறது.

அப்புறம் இஃபிஜீனியா, டிராய் போருக்குக் கப்பல்கள் கிளம்புவதற்காக அகமெம்னான் பலியிடத் துணிந்த மகள். கி.மு. 458இல் அரங்கேறிய எஸ்கிலஸின் நாடகத்தில், வாயைக் கட்டி அவளைப் பலிபீடத்தின் மேல் தூக்குகிறார்கள். அதற்குமேல் சொல்லமாட்டோம் என்று கோரஸ் (நாடகத்தின் பாடகர் குழு) நிறுத்திக்கொள்கிறது. யூரிப்பிடீஸோ ஆர்ட்டெமிஸ் தேவி அவளைக் காப்பாற்றிக் கருங்கடல் ஓரத்து டாரிஸுக்குக் கொண்டுபோனதாகச் சொல்கிறார். அவள் பிழைத்ததாகச் சொன்னால், கேட்பவர்களுக்கு, மகளுக்காகக் கணவன் அகமெம்னானைக் கொன்ற கிளைட்டெம்னெஸ்ட்ராவின் ஆத்திரத்தில் இருக்கும் நியாயம் நீர்த்துவிடுமோ? ஒரே அமர்வில் சொல்ல எதை எடுக்கலாம்? தமிழில் நல்ல மொழிபெயர்ப்புகள் தெரிந்தாலும் சொல்லுங்கள்.