செந்தூல் வீட்டுக் குழு

திங்கள் இரவு

சித்தி: அக்கா, டிக்கெட் போட்டாயிற்று. புதன் இரவு திருச்சியில் ஏறுகிறோம், வியாழன் காலை அங்கே. நான், அவர், கவிதா. சனிக்கிழமை பத்துமலை, ஞாயிறு மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் சேலை. வத்தல் எவ்வளவு வேண்டும்?

அம்மா: மோர்மிளகாய் ஒரு கிலோ. அப்பளம் இங்கேயே நன்றாகக் கிடைக்கிறது.

மாமா: தைப்பூசத்துக்கு முந்தின வாரம் வருவது நல்ல யோசனை. நகை எத்தனை பவுன் போட்டுக்கொண்டு வருகிறாய்? இங்கே பிக்பாக்கெட் உண்டு.

சித்தி: மூன்று வருஷமாக வா வா என்று கூப்பிட்டுவிட்டு, கேட்கிற முதல் கேள்வியைப் பாருங்கள் அக்கா.

மாமா: சொல்லும்மா.

சித்தி: தாலிச் செயின் மட்டும்தான். ஏழு பவுன்.

மாமா: மட்டும்தான்!

சித்தி: அண்ணா, செந்தூலில் பிறந்து வளர்ந்தவளுக்குக் கோலாலம்பூரைப் பற்றிச் சொல்லித் தர வேண்டாம்.

மாமா: நீ கல்யாணமாகிப் போனது 1994. அப்போது எல்ஆர்டி ரயிலே கிடையாது, 1996 டிசம்பரில்தான் ஓடத் தொடங்கியது. நீ பஸ் மினியில் தொங்கிக்கொண்டு போன ஊர் வேறு.

சித்தி: 2003-ல் அம்மா காரியத்துக்கு வந்தேனே.

நான் (தர்ஷினி): அப்போது பத்துமலையில் முருகன் சிலை கூட இல்லை சித்தி. 2006-ல்தான் திறந்தார்கள்.

கவிதா: மாமா, பிக்பாக்கெட் இங்கேயும் உண்டு. சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டித்தான் தினமும் காலேஜ் போகிறேன்.

சித்தப்பா: 34 வருஷம் பொன்மலை ரயில்வே பட்டறைக்குப் போய் வந்தவன் நான். என் பாக்கெட்டில் எவனும் கை வைத்ததில்லை மச்சான்.

அண்ணன்: வைத்தால் தெரியாது சித்தப்பா. தெரிந்தால் அவன் தொழிலுக்குப் புதுசு.

மாமா: நான் மாட்டியவன், அதனால் சொல்கிறேன். மஸ்ஜித் ஜாமெக் நிலையம், ஆபீஸ் விடுகிற நேரம். எஸ்கலேட்டர் உச்சியில் எனக்கு முன்னால் போனவன் சில்லறையைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்தான். படி நிற்காதே, பின்னால் வந்தவர்கள் எல்லாம் என் மேல் சாய்ந்தார்கள். ‘சாரி அங்கிள்’ என்று ஒரு பையன் தோளைப் பிடித்து நிறுத்தினான். வீட்டுக்கு வந்து சட்டை மாற்றும்போதுதான் பர்ஸ் இல்லை. குனிந்தவன் ஒருவன், தோளைப் பிடித்தவன் ஒருவன், எடுத்தவன் இன்னொருவன். எடுத்தவன் முகத்தை நான் பார்க்கவே இல்லை. பணம் போனது போகட்டும், ஐசி (அடையாள அட்டை), லைசென்ஸ், பேங்க் கார்டு என்று ஒரு வாரம் அலைந்தேன்.

அம்மா: ‘இந்தக் காலத்தில் இப்படியும் மரியாதையான பிள்ளைகளா’ என்று எனக்கு ஃபோன் போட்டுப் புகழ்ந்தார். பத்து நிமிஷம் கழித்து இன்னொரு ஃபோன்.

மாமா: அது இப்போது தேவையா?

அண்ணன்: நான் தினமும் அந்த வழிதான். ‘அவாஸ், பென்யெலுக் சாக்கு’ என்று பலகையைக் கண்டதும் ஆளாளுக்குப் பர்ஸைத் தொட்டுப் பார்க்கிறார்கள். எந்தப் பையில் இருக்கிறது என்று திருடன் தேடவே வேண்டியதில்லை.

கவிதா: அப்படி என்றால் என்ன அண்ணா?

அண்ணன்: ஜேப்படிக்காரன் ஜாக்கிரதை. மலாய்.

செவ்வாய்

மாமா: ராத்திரி முழுக்க யோசித்தேன். இங்கே இரண்டு வகை உண்டு. கூட்டத்தில் எடுக்கிறவன் ஒருவன். ரோட்டோரம் மோட்டார் சைக்கிளில் வந்து பறிக்கிறவன் இன்னொருவன், அதற்கு ரகுட் என்று பெயர். முதல் ஆளுக்குப் பயந்து எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டு. இரண்டாவது ஆளுக்குக் கட்டவே கட்டாதே.

சித்தி: புரியவில்லை.

மாமா: ரயிலில், கோவிலில், பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பையை வயிற்றுப் பக்கம் போட்டு ஜிப் மேல் கையை வை. முதுகில் போட்ட பை உன்னுடையது இல்லை. அதே பையின் வாரை ரோட்டில் கழுத்துக்குக் குறுக்கே மாட்டினாலோ மணிக்கட்டில் சுற்றினாலோ, மோட்டார் இழுக்கிற இழுப்பில் பையோடு நீயும் போவாய். 2004-ல் அப்படி விழுந்து பெண்கள் இறந்தார்கள், நாடே அதைப் பேசியது. ரோட்டில் வண்டி எதிரே வருகிற பக்கமாக, அதாவது வலது பக்கம் நட. பை சுவர்ப் பக்கம். இழுத்தால் விட்டுவிடு.

சித்தி: செயினை ஊக்கு போட்டு ரவிக்கையோடு குத்திக்கொள்ளலாம் என்றிருந்தேனே.

மாமா: அதைத்தானே சொல்கிறேன். பறிக்கிறவனிடம் ஊக்கு நிற்காது, கழுத்துதான் கிழியும்.

அம்மா: நான் எப்போதோ மாற்றிக்கொண்டேன். வெளியே போகிற நாளில் மஞ்சள் கயிறுதான். செயின் பீரோவில்.

சித்தி: தாலியைக் கழற்றுவதா அக்கா? அவர் அம்மா இருந்திருந்தால் என்னை வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டார்.

சித்தப்பா: என் அம்மா கடைசி வரை மஞ்சள் கயிறுதான் போட்டிருந்தாள். செயின் செய்ய வசதி இல்லை. அவளா உன்னைத் துரத்துவாள்?

அம்மா: ஆடிப்பெருக்குக்குக் காவிரிக் கரையில் புதுக் கயிறு மாற்றுகிறீர்கள் அல்லவா? அந்த மாதிரி நினைத்துக்கொள்.

சித்தி: சரி. நாளைக் காலை நல்ல நேரம் இருக்கிறது, மாற்றிவிட்டே கிளம்புகிறேன். செயின் இங்கேயே லாக்கரில்.

மாமா: அப்பாடா.

கவிதா: இந்தச் செய்தி அழிக்கப்பட்டது

கவிதா: பாஸ்போர்ட் படம் அனுப்பினேன், மாமா உடனே ஃபோன் போட்டுத் திட்டினார்.

நான்: இந்தக் குழுவில் 31 பேர் இருக்கிறார்கள் கவிதா. அதில் நாலு எண் யாருடையது என்று எனக்கே தெரியாது. எனக்குத் தனியாக அனுப்பு. மூவருடைய பாஸ்போர்ட்டும், வந்திறங்கிய பிறகு முத்திரை குத்திய பக்கமும். தொலைந்தால் முதலில் போலீஸ் ரிப்போர்ட், அப்புறம் மோண்ட் கியாராவில் இருக்கிற இந்தியத் தூதரகம். படம் கையில் இருந்தால் பாதி வேலை குறையும்.

அண்ணன்: போலீஸ் ரிப்போர்ட் எந்த நிலையத்தில் வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆபத்து என்றால் 999.

நான்: இன்னொன்று. ஏடிஎம் கார்டை முடக்குகிற எண்ணைக் காகிதத்தில் எழுதிப் பெட்டியில் வையுங்கள். ஃபோன் போனால் அதற்குள் இருக்கிற எண்ணும் அதோடு போய்விடும். 1800 என்று தொடங்குகிற இலவச எண் வெளிநாட்டிலிருந்து பல நேரம் கிடைக்காது, 91 போட்டு அடிக்கிற எண்ணைக் கேட்டு வாங்குங்கள். *#06# அடித்தால் ஃபோனின் ஐஎம்இஐ அடையாள எண் வரும், அதையும் எழுதுங்கள். இரண்டு கார்டு இருந்தால் ஒன்று சித்தியிடம், ஒன்று சித்தப்பாவிடம்.

சித்தப்பா: எனக்கு ஒரு யோசனை. பழைய பர்ஸ் ஒன்று இருக்கிறது. அதைப் பின் பாக்கெட்டில் வைத்துக்கொள்கிறேன், ஐந்து பத்து வெள்ளி (ரிங்கிட்) போட்டு. உண்மைப் பணம் பனியனுக்குள் துணிப்பையில்.

மாமா: பொய்ப் பர்ஸா? மாப்பிள்ளை, அது நாமாகத் திருடனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற மாதிரி.

சித்தப்பா: வந்தவன் வந்ததை எடுத்துக்கொண்டு போகட்டும். மற்றதைத் தொட மாட்டான்.

மாமா: உங்கள் இஷ்டம்.

சனிக்கிழமை

கவிதா: செந்தூலில் கொமுட்டர் ஏறிவிட்டோம். அம்மாவும் நானும் தர்ஷினி அக்காவும் பெண்கள் பெட்டி. அப்பாவுக்கு அடுத்த பெட்டி.

மாமா: மாப்பிள்ளையைக் கதவுப் பக்கம் நிற்க வேண்டாம் என்று சொல். எடுக்கிறவன் கதவு மூடுகிற நொடி வரை காத்திருந்து எடுத்துக்கொண்டு இறங்குவான். நீங்கள் ரயிலோடு போய்விடுவீர்கள்.

சித்தப்பா: உட்கார இடம் கிடைத்துவிட்டது மச்சான். பர்ஸ் மேலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

சித்தி: முருகா! எவ்வளவு உயரம்!

நான்: 42.7 மீட்டர் சித்தி.

அண்ணன்: அண்ணாந்து பார்க்கிறீர்களே, பை எங்கே? இங்கேயும் சரி, இரட்டைக் கோபுரத்தடியிலும் சரி, எல்லாரும் மேலே பார்ப்பார்கள். எடுக்கிறவன் மட்டும் கீழே பார்ப்பான்.

சித்தி: ஒரு நிமிஷம் சாமியைப் பார்க்க விடுங்கள்டா.

கவிதா: 272 படி ஏறியாயிற்று. பாதி வழியில் குரங்கு ஒன்று அர்ச்சனைப் பையைப் பிடுங்கி வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டது. பையை அம்மாவிடமே வீசிவிட்டுப் போனது.

சித்தப்பா: உங்கள் ஊர்க் குரங்குக்கு மூன்று பேர் கூட்டணி வேண்டாம் மச்சான். ஒன்றே போதும்.

மாமா: உன் அம்மா பையை விட்டாளா, இழுத்தாளா?

கவிதா: விட்டுவிட்டார் மாமா.

மாமா: நல்லது.

நான்: இரவு ‘மாமாக்’ கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், ரொட்டி சானாய் சாப்பிட்டோம். மேசைக்கு ஒருவன் வந்து ஏதோ அச்சடித்த அட்டையை நீட்டினான், உதவி கேட்கிற மாதிரி. அட்டையைக் கவிதாவின் ஃபோன் மேலேயே வைத்துவிட்டு எதிர்ப்பக்கம் கையைக் காட்டிப் பேசினான். நான் அட்டைக்கு அடியிலிருந்து ஃபோனை எடுத்து மடியில் வைத்தேன். ஒரு வெள்ளி கொடுத்ததும் போய்விட்டான். உண்மையிலேயே உதவி கேட்டவனோ என்னவோ, பாவம். ஆனாலும் இனி ஃபோனை மேசையில் வைக்காதே என்று கவிதாவிடம் சொல்லிவிட்டேன்.

ஞாயிறு

சித்தப்பா: போய்விட்டது.

மாமா: என்ன மாப்பிள்ளை?

சித்தப்பா: பொய்ப் பர்ஸ்.

கவிதா: அப்பா ஜெயித்துவிட்டார்! உள்ளே ஏழு வெள்ளிதான் மாமா. பாஸ்போர்ட், கார்டு எல்லாம் பத்திரம்.

அண்ணன்: எங்கே?

சித்தி: மஸ்ஜித் இந்தியாவில், மூன்றாவது சேலைக்கடை வாசலில். நாங்கள் உள்ளே விலை பேசிக்கொண்டிருந்தோம். பையை எல்லாம் அவரிடம் கொடுத்திருந்தோம், இரண்டு கையிலும் மூன்று மூன்று. யாரும் இடிக்கக்கூட இல்லையாம்.

மாமா: கை இரண்டும் நிறைந்திருக்கும்போது எதற்கு இடிக்கிறான்? சரி, மாப்பிள்ளை சொன்னபடியே நடந்தது. நான் ஒத்துக்கொள்கிறேன். பொய்ப் பர்ஸ் நல்ல யோசனைதான்.

மாமா: மாப்பிள்ளை?

மாமா: ஏன் பதிலே இல்லை?

சித்தி: அண்ணா, அவர் கடை வாசலில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தப் பர்ஸில் மாமியார் படம் இருந்திருக்கிறது.

அம்மா: ஐயோ.

சித்தி: கார்டு, பணம் எல்லாம் பார்த்துப் பார்த்து எடுத்தார். படம் தோல் மடிப்புக்குள் ஒட்டிப்போய் இருந்திருக்கிறது. பாஸ்போர்ட் அளவு, கறுப்பு வெள்ளை. அது ஒன்றுதான் இருந்தது. இப்போதுதான் ஞாபகம் வந்ததாம்.

மாமா: அங்கேயே இருங்கள். பணத்தை எடுத்துக்கொண்டு பர்ஸைக் கூப்பிடு தூரத்தில்தான் வீசுவான், கையில் வைத்திருந்தால் அவனுக்கு ஆபத்து. குப்பைத்தொட்டி, லோங்காங் (சாக்கடை), கடைக்குப் பின்னால் சந்து, எல்லாம் பாருங்கள். பக்கத்துக் கடைக்காரர்களிடம் எண்ணைக் கொடுங்கள்.

அண்ணன்: நான் டாங் வாங்கியில்தான் இருக்கிறேன். வருகிறேன்.

அம்மா: தர்ஷினி, அலமாரி மேல் நீலப் பெட்டியில் சித்தியின் கல்யாண ஆல்பம் இருக்கும். எடு.

நான்: எடுத்துவிட்டேன். நாலு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அம்மா: பிய்க்காதே. மணவறைக்குப் பக்கத்தில் நின்று எடுத்ததைப் பார்.

நான்: இருக்கிறார். சித்தப்பாவுக்கு வலது பக்கம். படம் அனுப்புகிறேன்.

சித்தப்பா: இதில் அம்மா சிரிக்கிறாள்.

சித்தப்பா: பர்ஸில் இருந்தது ஏதோ மனுவுக்கு எடுத்த படம். முறைத்துக்கொண்டிருப்பாள். தினமும் பணம் எடுக்கும்போது அந்த முறைப்பைப் பார்த்துப் பழகிவிட்டது.

அம்மா: ஆல்பத்தை நீங்களே கொண்டுபோங்கள்.

அண்ணன்: பின்சந்தில் லோங்காங் முழுக்கப் பார்த்தேன். ஒரு பர்ஸ் கிடைத்தது.

கவிதா: பழுப்பு நிறமா அண்ணா?

அண்ணன்: இல்லை, கறுப்பு. நம்முடையது இல்லை. வேறு யாருடையதோ. பணம் இல்லை, ஐசியும் இரண்டு கார்டும் இருக்கின்றன. நனைந்து கிடக்கிறது.

மாமா: ஐசி படத்தை இங்கே போட்டுவிடாதே.

அண்ணன்: போடமாட்டேன் மாமா.

சித்தப்பா: தம்பி, அதைப் போலீஸில் கொடுத்துவிடு. அந்த ஆள் எங்கெங்கே அலைகிறானோ.

அண்ணன்: உங்களுடையதற்கும் ரிப்போர்ட் கொடுத்துவிடலாம். சேர்ந்தே போவோம்.

சித்தப்பா: ஏழு வெள்ளிக்கா?

அண்ணன்: பர்ஸுக்கு. யாராவது கொண்டுவந்து கொடுத்தால் நம் பேர் இருக்கட்டும்.

சித்தப்பா: சரி, வருகிறேன். இந்தச் சேலைப் பைகளை யாராவது வாங்கிக்கொள்ளுங்கள் முதலில்.

அண்ணன்: நிலையத்தில் இருக்கிறோம். எங்களுக்கு முன்னால் நாலு பேர். சித்தப்பா பர்ஸின் நீளம் அகலம் எல்லாம் ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறார், தையல் நூல் நிறம் உட்பட.

மாமா: பட்டறைக்காரர்.

அம்மா: சோறு ஆறுகிறது. வரும்போது தேங்காய் ஒன்று வாங்கி வா.