லாக் கெடச்சும் ரெண்டு பில்லுக்கு ஒரே நம்பர்

மண்டபத்துல நண்டு, கணவாய் எடுக்குற ஒரு கம்பெனிக்கு பில்லிங் பாத்துக் குடுக்கிறேன். மேசைக்கு அடியில ஒரு லினக்ஸ் பெட்டி, ரெண்டு தராசு, தராசுக்கு ஒரு ப்ராசஸ் (ஓடிக்கிட்டிருக்குற ப்ரோக்ராம்), ரெண்டும் ஒரே ஃபைல்ல இருந்துதான் அடுத்த பில் நம்பர எடுக்கும். விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், நாட்டுப்படகு சரக்குதான வரும், ஒரு தராசே போதும், அதனால ஒன்னும் தெரியல. விசைப்படகு சரக்கு வந்து ரெண்டு தராசும் சேந்து ஓடவும் ரெண்டு சம்மாட்டிக்கு (படகு முதலாளி) ஒரே நம்பர்ல பில் போயிருச்சு, அப்புறம் கணக்குப்புள்ளைக்கும் அவங்களுக்கும் ஒரே சத்தம்.

ஒரு ப்ராசஸ் எழுதுறப்ப இன்னொன்னத் தடுக்குற பூட்டு, அதான் லாக், அதையே போடலன்னு சொன்னாங்க. போட்டுத்தான் இருக்கு, எஃப்சிஎன்டிஎல்னு கெர்னல்கிட்ட (லினக்ஸோட மையப் பகுதி) கேட்டு வாங்குற லாக், எர்ரர் இல்லாம கெடச்சும் இருக்கு. ப்ரோக்ராம் கெர்னல்கிட்ட என்னென்ன கேக்குதுன்னு காட்டுற எஸ்ட்ரேஸ் வச்சுப் பாத்தா லாக் வாங்குனதுக்கும் நம்பர் எழுதுறதுக்கும் நடுவுல அதே ஃபைல இன்னொரு தடவ திறந்து, படிச்சு, மூடுது. தடைக்காலத்துல யாரோ சேத்த செக்கிங் ஃபங்ஷன். அந்த மூடுறதுலதான் லாக் போச்சு!

ஏன்னா போசிக்ஸ்ங்கிற யூனிக்ஸ் தர விதிக் கணக்குப்படி இந்த லாக்குக்கு சொந்தக்காரன் ப்ராசஸ், நீங்க திறந்த டிஸ்கிரிப்டர் (ஃபைலத் திறந்தா கெடைக்கிற நம்பர்) இல்ல. அந்த ப்ராசஸ் அதே ஃபைலோட எந்த டிஸ்கிரிப்டர மூடுனாலும் அதுல வச்சிருந்த மொத்த லாக்கையும் கெர்னல் விட்டுரும். வீட்டுக்கு ரெண்டு சாவி வச்சு, ஒன்னு கடல்ல விழுந்தா கதவு தானா தொறந்துக்கிற மாதிரி. என்னக் கேட்டா கிறுக்குத்தனமான ரூல், எஸ்கியூலைட்ங்கிற டேட்டாபேஸ் கோடுலயே இதுக்குன்னு தனியா சுத்தி வேல பாத்து வச்சிருக்காங்க. நான் ஓஎஃப்டி (ஓப்பன் ஃபைல் டிஸ்கிரிப்ஷன்) லாக்குக்கு மாத்திட்டேன், 2014ல லினக்ஸ் 3.15ல வந்தது, ஃபைலத் திறந்த அந்த ஒரு தடவையோட மட்டும் ஒட்டிக்கிரும், அதே ஃபைல வேற தடவ திறந்து மூடுனாலும் போகாது.

பாம்பன்காரன்: அண்ணே எனக்கு நேர் எதிரு. ஐஸ் ஃபேக்டரி ஒன்னுல ப்ரோக்ராம நிறுத்திட்டு திருப்பிப் போட்டா ஏற்கனவே ஓடுதுன்னு அடம்புடிக்குது. யாருகிட்ட லாக் இருக்குன்னு சொல்ற ப்ராக் லாக்ஸ் ஃபைல்ல காட்டுற பிஐடில (ப்ராசஸ் நம்பர்) ஆளே இல்ல, செத்துப் போச்சு. அது எஃப்லாக்னு இன்னொரு வகை லாக், ஃபோர்க் பண்ணா (ப்ராசஸ் தன்னையே நகலெடுத்தா) புள்ள ப்ராசஸுக்கும் அதே லாக்தான், பிரிண்டருக்குன்னு கெளப்புன புள்ள ப்ராசஸ் டிஸ்கிரிப்டர மூடாம உக்காந்திருக்கு. ஒரு ஃபைல யாரு திறந்து வச்சிருக்கான்னு காட்டுற எல்எஸ்ஓஎஃப்ல ஃபைல் பேரக் குடுத்ததும்தான் ஆள் சிக்குச்சு. இப்ப திறக்கும்போதே க்ளோஸ்-ஆன்-எக்ஸெக் போட்டுர்றது, புள்ள வேற ப்ரோக்ராமா மாறும்போதே டிஸ்கிரிப்டர் தானா மூடிக்கும்.

தொண்டி தம்பி: அப்ப மண்டபத்துக்கும் எஃப்லாக்கே போதுமேண்ணே, ஓஎஃப்டி எதுக்கு?

மண்டபம்: பில் நம்பருக்கு மட்டும்னா போதும் தம்பி. ஆனா அதே ஃபைல்ல ஒவ்வொரு சம்மாட்டி பாக்கியும் தனித்தனி இடத்துல இருக்கு, எஃப்லாக் மொத்த ஃபைலையும் புடிக்கும், ஓஎஃப்டின்னா வேணுங்கிற பைட்ட மட்டும் புடிக்கலாம். ஒன்னு மட்டும், ஃபோர்க் பண்ணா இதுவும் புள்ளையோட பங்குதான், பாம்பன் கத இங்கயும் வரும்.