டோக்கியோ – லாஸ் ஏஞ்சலஸ்: போக 10 மணி நேரம், திரும்ப 12 மணி நேரமா?

கேள்வி: அக்கா பிரசவத்துக்காக ஜூலையில் கிளம்புகிறேன். தூரம் சுமார் 8,800 கிலோமீட்டர். போகவும் வரவும் அதே தூரம்தானே, நேரம் மட்டும் ஏன் மாறுகிறது?

பதில்: காற்றுதான் காரணம். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்று போகும்போது பின்னாலிருந்து தள்ளும், திரும்பும்போது எதிர்க்கும். இருக்கைத் திரையில் தரைவேகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன்: போகும்போது மணிக்கு 1,000 கிலோமீட்டரைத் தாண்டியது, வரும்போது 800கூட எட்டவில்லை. குளிர்காலத்தில் வித்தியாசம் இன்னும் கூடும்.

பதில்: தேதியையும் கவனியுங்கள். மாலை 5 மணிக்குக் கிளம்பினால், அதே நாள் காலை 11 மணி வாக்கில் இறங்கிவிடுவீர்கள். நடுவில் தேதிக்கோடு இருக்கிறது; அதைக் கிழக்கே தாண்டினால் தேதி ஒரு நாள் பின்னால் போய்விடும்.

கேட்டவர்: ஐயோ, அக்காவிடம் மறுநாள் என்று சொல்லிவிட்டேன்! இப்பவே கூப்பிடுகிறேன். ரொம்ப நன்றி.