ஊருக்குக் கொண்டுபோக எந்தச் சால்டரிங் அயர்ன்?

கடலோர_ரேடியோ
சென்னையில் வேலை. மாதம் இரண்டு தடவை வேதாரண்யம் பக்கம் அம்மா வீட்டுக்குப் போவேன். பையை இறக்கி வைப்பதற்குள் ஏதாவது ஒன்று மேஜைக்கு வந்துவிடும்: சித்தப்பாவின் டார்ச், ஒயர் அறுந்த ஹெட்போன், பஜனை மடத்து ஆம்ப்ளிஃபயர். பொழுதுபோக்குதான், காசு வாங்குவதில்லை. இதுவரை வீட்டுக் கரண்டில் நேராகச் சொருகுகிற 25 வாட் மெயின்ஸ் அயர்ன் ஒன்றைத்தான் தூக்கிக்கொண்டு போய் வந்தேன். போன தடவை சாயங்காலம் ஏழு மணிக்கு மீட்டர் வைத்துப் பார்த்தால் வீட்டில் 170 வோல்ட். ஈயம் ஓடவே இல்லை, கேழ்வரகுக் கூழ் மாதிரி பிட்டோடு (அயர்னின் சூடாகிற நுனி) ஒட்டிக்கொண்டு வந்தது. வைத்த இடத்தில் வைத்த மாதிரிதான் இருந்தது, ஆறின பிறகு ஒயரை லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது.

பையில் போட்டுக்கொள்கிற மாதிரி ஒன்று வாங்கப் போகிறேன். ஐயாயிரத்துக்குள் இருக்கட்டும். யுஎஸ்பி-சி, கேஸ், பழைய மெயின்ஸ் என்று மூன்று நண்பர்கள் மூன்று விதமாகச் சொல்கிறார்கள்.

பேட்டரி_பாலு
170 வோல்ட் என்று சொன்னீர்களே, அதிலேயே பதில் இருக்கிறது. ஹீட்டரின் வாட் வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறி இறங்கும். 230-க்கு 25 வாட் என்றால் 170-க்கு 13.7 வாட்தான். வோல்டேஜ் கால்வாசி குறைந்ததற்குச் சூடு கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது.

யுஎஸ்பி-சி அயர்ன் வாங்குங்கள். பைன்சில் அல்லது டிஎஸ்101. லேப்டாப்புக்கு வருகிற யுஎஸ்பி-சி பிடி (PD, பவர் டெலிவரி) சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை எதைக் கொடுத்தாலும் இந்தப் பக்கம் 20 வோல்ட் தரும். கரண்டே போனாலும் பவர் பேங்க்கில் ஓடும். பிட்டில் சென்சார் இருப்பதால் 330 டிகிரி வைத்தால் அங்கேயே நிற்கும்.

பழைய_பிட்
தம்பி பாலுவின் கணக்கு சரி, முடிவுதான் தப்பு. அதே கணக்கை 60 வாட் அயர்னுக்குப் போட்டுப் பார். 170 வோல்ட்டில் 33 வாட் வருகிறது. ஐநூறு ரூபாய்க்குள் வேலை முடிந்தது. சிப் இல்லை, ஸ்கிரீன் இல்லை, மெனு இல்லை. முப்பது வருஷம் டிவி ரிப்பேர் பார்த்தவன் நான். ஹீட்டர் போனால் ஹீட்டர் மட்டும் மாற்றுவோம். பிட் குழி விழுந்தால் அரத்தால் ராவி ஈயம் பூசினால் புதுசு.

பேட்டரி_பாலு
அண்ணே, ராத்திரி பத்து மணிக்கு மேல் ஊர் அடங்கி வோல்டேஜ் 235-க்கு ஏறுமே, அப்போது? அந்த 60 வாட் 63 வாட்டாகிவிடும். ரேடியோ போர்டில் வைத்தால் டிராக் (போர்டில் ஒட்டியிருக்கிற செம்புக் கோடு) பெயர்ந்து வந்துவிடும்.

பழைய_பிட்
பிளக்கைப் பிடுங்கிவிட்டு வைப்போம். கை எதற்கு இருக்கிறது?

டவர்_ஏறி
நான் மொட்டைமாடியிலும் கம்பத்திலும் கேமரா ஒயர் வேலை பார்ப்பவன். எனக்குக் கேஸ் அயர்ன்தான். லைட்டருக்கு அடைக்கிற பியூட்டேன் போதும், ஒயர் கிடையாது, ஜங்ஷன் பாக்ஸ் தேட வேண்டாம். ஒரு நிமிஷத்துக்குள் ஈயம் உருகும்.

பேட்டரி_பாலு
கம்பத்துக்குச் சரி. மேஜைக்கு வேண்டாம். பிட்டுக்குப் பின்னால் பக்கவாட்டில் ஒரு துவாரம் இருக்கும், எரிந்த காற்று அது வழியாகத்தான் வெளியே வரும். ஒருமுறை நண்பரின் கேஸ் அயர்னை வாங்கி ஒரு கீபோர்டு சரிசெய்தேன். கண் முழுக்க நுனியில் இருந்தது. அந்தக் காற்று பக்கத்தில் இருந்த ரிப்பன் கேபிளைச் சுருட்டிவிட்டது. ஒரு ஜாயின்ட் சரிசெய்யப் போய் பன்னிரண்டு ஒயர் மாற்றினேன்.

இன்னொன்று: கேள்வி கேட்டவர் ரயிலில் போகிறவராக இருந்தால் கேஸ் கேனைப் பையில் வைக்கக் கூடாது. விமானத்திலும் விடமாட்டார்கள்.

டவர்_ஏறி
துவாரத்தை வெளிப்பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும், அது பழக்கம். ரயில் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். நான் பைக்கில் போகிறவன்.

மைதானம்
ட்ரோன் ஓட்டுபவன். என்னிடம் இருப்பது பழைய டிஎஸ்100. யுஎஸ்பி கிடையாது, வட்ட ஜாக்தான். ட்ரோனின் 4 செல் பேட்டரியிலேயே சொருகிவிடுவேன். முழுசாக ஏறியிருந்தால் 16.8 வோல்ட், 8 ஓம் பிட்டில் 35 வாட். மோட்டார் ஒயருக்குப் போதும், பேட்டரி கனெக்டரின் தடிமனான ஒயருக்கு முக்கும். அதுவும் திறந்த வெளியில் காற்று அடித்தால் எந்த அயர்னும் பாவம்தான். கார் டிக்கிக்குள் தலையை விட்டு வேலை செய்கிறேன்.

கடலோர_ரேடியோ
கேஸ் வேண்டாம், பேருந்து, ரயில் இரண்டிலும் போகிறேன். பாலு சார், என்னிடம் 22.5 வாட் பவர் பேங்க் இருக்கிறது. அது போதுமா?

பேட்டரி_பாலு
போதாது. எல்லாரும் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பவர் பேங்க் மேல் எழுதியிருக்கிற வாட் எண்ணைப் பார்க்காதீர்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிற வோல்ட் எண்களைப் பாருங்கள். பிட் என்பது ஒரு ஹீட்டர் கம்பி, அவ்வளவுதான். பைன்சிலோடு வருகிற நீளப் பிட் 8 ஓம். 9 வோல்ட் கொடுத்தால் 10 வாட், 12 வோல்ட் என்றால் 18, 20 வோல்ட் என்றால் 50. 22.5 வாட் வகைகள் பெரும்பாலும் 12 வோல்ட்டோடு நின்றுவிடும். அதில் சொருகினால் ஸ்கிரீன் எரியும், சூடும் மெதுவாக ஏறும், கொஞ்சம் கனமான இடத்தில் வைத்ததும் படுத்துவிடும். ஊரில் உங்களுக்கு வந்த கூழ் அப்படியே திரும்ப வரும். "20 வோல்ட் 3 ஆம்பியர்" என்று எழுதியிருக்க வேண்டும்.

கேபிளும் முக்கியம். சாதாரண பிளாஸ்டிக் கேபிள் விறைப்பாக இருக்கும், பிட் பட்டால் உருகும். சிலிக்கான் உறை போட்டது வாங்குங்கள். பைன்சில் அதன் கடையில் 26 டாலர் அளவு, தபாலும் சுங்கமும் தனி. சந்தையில் 5 வோல்ட் 8 வாட் என்று மலிவாக ஒன்று வரும், அதன் பக்கம் போகாதீர்கள்.

பழைய_பிட்
சரி, 50 வாட் என்கிறாய். அந்தப் பென்சிலை வைத்து பஜனை மடத்து ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் டெர்மினலில் 2.5 ஸ்கொயர் எம்எம் தடி ஒயரைப் பற்ற வைத்துக் காட்டு. பிறகு பேசலாம்.

பேட்டரி_பாலு
நேற்று ராத்திரி செய்து பார்த்தேன் அண்ணே. கூடவே வந்த ஊசி நுனி பிட்டில் வைத்தேன், ஒயர் அப்படியே பிட்டைப் பிடித்துக்கொண்டது, ஈயம் ஓடவில்லை. ஸ்கிரீனில் 350 காட்டுகிறது, நுனியில் அவ்வளவு இல்லை. சாய்வாக வெட்டிய பிட் மாற்றி, நுனியில் முதலில் ஒரு சொட்டு ஈயம் விட்டு வைத்தேன். நாலைந்து வினாடியில் ஒயர் ஈயத்தைக் குடித்துவிட்டது.

அதே சூட்டில் ஆம்ப்ளிஃபயரின் தகட்டில் எர்த் ஒயர் வைக்கப் பார்த்தேன். முடியவில்லை. அதை ஒளிக்க மாட்டேன்.

பழைய_பிட்
முடியாது. என் அயர்னில் விரல் தடிமன் செம்பு இருக்கிறது, சூட்டைச் சேர்த்து வைத்திருக்கும், தகடு எவ்வளவு உறிஞ்சினாலும் தாங்கும். உன் பிட் பல்குத்தும் குச்சி. உள்ளே இருக்கிற சூடு ஒரு தொடுதலுக்குத்தான். ஆனால் ஊசி பிட்டை மாற்றினாயே, அது நல்ல வேலை. கடையில் கொடுக்கிறார்கள் என்று எல்லாரும் அதை வைத்தே குத்திக்கொண்டிருக்கிறார்கள்.

மைதானம்
ஒன்று கவனித்தீர்களா? பிடி சார்ஜரில் சொருகி வேலை செய்யும்போது பிட் உலோகத்தில் கை பட்டால் லேசாகக் கூசும். இரண்டு முள் சார்ஜர்களில் உள்ளே இருக்கிற கெப்பாசிட்டர் வழியாகக் கொஞ்சம் கசிவு வரும். ஆளுக்கு ஒன்றும் ஆகாது, நுணுக்கமான சிப்புக்கு நல்லதல்ல. பவர் பேங்க்கில் இந்தத் தொல்லை இல்லை.

பழைய_பிட்
மூன்று முள் அயர்னில் எர்த் இருக்கிறது. இதற்கு இவ்வளவு பேச்சா?

கடலோர_ரேடியோ
ஐயா, எங்கள் வீட்டு சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை.

பழைய_பிட்
முதலில் அதைச் சரிசெய். அயர்ன் அப்புறம் வாங்கலாம்.

கடலோர_ரேடியோ
மூன்று வாரம் கழித்து வருகிறேன். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இழுத்தாயிற்று. யுஎஸ்பி-சி அயர்ன், சாய்வு பிட், 20 வோல்ட் பவர் பேங்க் வாங்கினேன். பட்ஜெட் கொஞ்சம் இடித்தது. டார்ச், ஹெட்போன், பக்கத்து வீட்டு ரேடியோவின் ஆன்டெனா ஒயர் எல்லாம் திண்ணையில் உட்கார்ந்தே முடித்தேன். கரண்ட் இல்லாத நேரம் வேறு.

ஒரு தொல்லை. இரண்டு நிமிஷம் கீழே வைத்தால் அயர்ன் தூங்குகிறது, ஒன்றும் ஓடவில்லை என்று நினைத்துப் பவர் பேங்க் தன்னையே அணைத்துக்கொள்கிறது. மெனுவைத் துழாவினேன். இடையிடையே கொஞ்சம் கரண்ட் இழுத்து பேங்க்கை விழித்திருக்கச் செய்கிற ஒரு அமைப்பு இருந்தது, அதைப் போட்ட பிறகு சரியானது.

ஆம்ப்ளிஃபயரில் போயிருந்தது தகட்டு எர்த். எதிர்வீட்டு 60 வாட் அயர்னை இரவல் வாங்கித்தான் வைத்தேன்.

பழைய_பிட்
ஹா ஹா. பிட் நுனி எப்படி இருக்கிறது, கறுத்திருக்குமே?

கடலோர_ரேடியோ
கறுத்துத்தான் இருக்கிறது ஐயா. ஈயம் ஒட்டாமல் உருண்டை உருண்டையாக விழுகிறது. அரம் போடலாமா?

பேட்டரி_பாலு
போடாதீர்கள்!! செம்புக்கு மேல் இரும்பு முலாம் பூசியிருக்கிறது. ராவினால் முலாம் போய்விடும், அப்புறம் ஈயமே செம்பைத் தின்றுவிடும்.

பழைய_பிட்
இந்த ஒன்றில் மட்டும் அவன் சொல்வதைக் கேள். அரம் என் பிட்டுக்கு, இதற்கு இல்லை. சூட்டை 300-க்குக் குறை. பித்தளை நாரில் துடை, ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவுகிற பசை) உள்ள ஈயத்தைத் தாராளமாக வை, மறுபடி துடை. நாலைந்து தடவையில் வெள்ளியாக வரும். அணைப்பதற்கு முன்னால் நுனியில் ஒரு பொட்டு ஈயத்தை விட்டுவிட்டு அணை. துடைத்து வைக்காதே.